ஒரே ஒரு போனில் பாட வீடியோ: ஒரு தோட்டப் பாடசாலை டீச்சரின் கேள்விக்குப் பதில்

மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 8, 9 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் கேட்டது இது: "கையில் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. பாடங்களை வீடியோவாக எடுத்து வகுப்பிலும் காட்ட வேண்டும், வராத பிள்ளைகளுக்கும் அனுப்ப வேண்டும். நல்ல கமரா வாங்க வேண்டுமா? கொழும்புக்குப் போய் எடிட்டிங் கோர்ஸ் செய்ய வேண்டுமா? எதிலிருந்து தொடங்குவது?"

டீச்சர், கமரா வேண்டாம். கோர்ஸும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எடுக்கப்போகிற வீடியோ கடைசியில் எங்கே ஓடும் என்று முதலில் யோசியுங்கள். அம்மாவோ அப்பாவோ மலையிலிருந்து வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்குப் போன் கிடைக்கும். லயக் காம்பிராவில் இரண்டு மூன்று பிள்ளைகள் அதை மாறி மாறிப் பிடிப்பார்கள். திரையில் கீறல் இருக்கும், ஸ்பீக்கர் அடைத்துப் போயிருக்கும், பக்கத்துக் காம்பிராவில் டிவி சத்தம் வேறு. டேட்டாவும் அளந்துதான் செலவாகும். அந்தப் போனுக்காகத்தான் நீங்கள் படம் எடுக்கிறீர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் எதைப் படிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாகவே பிரிந்துவிடும்.

சத்தத்திலிருந்து தொடங்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பிள்ளை பொறுத்துக்கொள்ளும். குரல் விளங்கவில்லை என்றால் அரை நிமிடத்தில் மூடிவிடும். நம் பாடசாலைகளில் பல வகுப்பறைகளுக்கு முழுச் சுவர் கிடையாது, சீலிங் கிடையாது, மேலே வெறும் தகரம். இரண்டு மீட்டர் தள்ளி வைத்த போனில் உங்கள் குரலைவிட அறையின் எதிரொலியும் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும்தான் அதிகம் பதியும். இதற்கு விலை கூடிய மைக் தேவையில்லை, தூரத்தைக் குறைத்தால் போதும். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு தடவையும் குரல் சுமார் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடும். அறையின் எதிரொலி கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். ஆக, இரண்டு மீட்டரை 25 சென்டிமீட்டராக்கினால் 18 டெசிபல் லாபம். போனோடு வந்த வயர் இயர்போனில் ஒரு சின்ன மைக் இருக்குமே, அதைச் சேலையின் தோள் மடிப்பில் ஊசி குத்தி நிறுத்துங்கள். வயர் துணியில் உரசாமல் ஒரு சின்ன வளையம் விட்டுக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சரசரவென்று கேட்கும்.

இரண்டாவது போன் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் வொய்ஸ் ரெக்கார்டரை ஓட விட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு போனும் ஓடத் தொடங்கியதும் கமராவுக்குத் தெரிகிற மாதிரி ஒரு தடவை கைதட்டுங்கள். எடிட் செய்யும்போது இரண்டு ஒலி அலைகளிலும் அந்தத் தட்டல் ஊசி மாதிரி எழும்பி நிற்கும். அந்த இரண்டையும் நேர்க்கோட்டில் வைத்துவிட்டுக் கமராப் போனின் சத்தத்தை அணைத்தால் முடிந்தது.

ஆனால் தொடக்கத்தில் எடுக்கும் வீடியோக்களுக்கு நான் சொல்லும் வழி இதைவிட எளிது. முகத்தைக் காட்டவே வேண்டாம். கையையும் பொருளையும் மட்டும் படம் எடுங்கள், குரலை வீட்டில் தனியாகப் பதிந்து பிறகு சேருங்கள். இரவில் எல்லோரும் படுத்த பிறகு, தலைக்கு மேல் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் போனைப் பிடித்துப் பேசினால், ஸ்டுடியோவில் பதிந்த மாதிரி கிட்டத்தட்ட வந்துவிடும். கம்பளி எதிரொலியைக் குடித்துவிடும். பேசத் தொடங்கும் முன் பத்து விநாடி சும்மா இருந்து அந்த மௌனத்தையும் பதிந்துகொள்ளுங்கள். கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இருந்தால், அந்தப் பத்து விநாடியை மாதிரியாகக் கொடுத்து இரைச்சலைக் குறைக்கச் சொல்லலாம். அளவாகச் செய்யுங்கள். அதிகம் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகரத்தில் மழை விழுந்தால் எந்த மைக்கும் உதவாது. மஸ்கெலியா, ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ்ப் பருவக்காற்றின் மழை டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை. மார்ச், ஏப்ரலில் பெரும்பாலும் பின்னேரத்தில்தான் இடியோடு கொட்டும், காலை தெளிவாக இருக்கும். உங்கள் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரையான காலைகள்தான் பொன். இரண்டாம் தவணைக்குத் தேவையான செய்முறைகளைக்கூட அப்போதே எடுத்து வைத்துவிடலாம். பாடத்திட்ட ஒழுங்கில்தான் படம் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வெளிச்சம் நம் மலைநாட்டில் சும்மா கிடைக்கிற சொத்து. மூடுபனி நாளில் ஜன்னலோரம் வரும் வெளிச்சம் நிழலே விழாத மென்மையான வெளிச்சம். கொழும்பு ஸ்டுடியோக்காரர்கள் அதற்காகப் பெரிய துணிப் பெட்டி விளக்குகளை வாங்கி வைத்திருக்கிறார்கள். மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். நீங்கள் வலக்கையால் எழுதுபவர் என்றால் ஜன்னல் இடப்பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. மூடுபனியில் ஒரு தொல்லையும் உண்டு. அது வந்து போகும்போது போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும், படம் மூச்சு விடுவது போல ஆடும். திரையில் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் குவியமும் வெளிச்சமும் பூட்டப்பட்டுவிடும். பூட்டியதும் வெளிச்சத்தை ஒரு நூல் கூட்டி விடுங்கள். வெள்ளைத் தாள் நிறைந்த காட்சியைப் போன் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், அதற்காகத்தான். குளிரிலிருந்து சமையலறைச் சூட்டுக்குள் போனைக் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். கொஞ்சம் பொறுத்து, மெல்லிய துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

டியூப் லைட்டின் கீழ் எடுக்கும்போது திரையில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இரண்டு தடவை மங்குவதால், அது விநாடிக்கு 100 தடவை மின்னி மின்னி எரிகிறது. போனின் ஷட்டர் நேரம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் அது ஒளியை வாங்கும் நேரம், அந்தத் தாளத்தோடு பொருந்தாவிட்டால் பட்டை விழும். போனில் புரோ வீடியோ வசதி இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், விநாடிக்கு 25 சட்டகம் (தனிப்படம்). இல்லாவிட்டால் ஓபன் கமரா என்ற இலவசச் செயலியில் பாருங்கள், போன் இடம் கொடுத்தால் அதில் இந்த வசதி கிடைக்கும். எதுவும் சரிவராவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலை நம்புங்கள்.

போனை நிறுத்துவதற்கு டிரைபொட் தேடி அலைய வேண்டாம். இரண்டு கதிரை, நடுவில் ஒரு பலகை, பலகையின் விளிம்பில் போன் பாதி வெளியே நீட்டியபடி, பின்பாதிமேல் பாரமாக ஒரு தடித்த அகராதி. கீழே தரையில் அல்லது ஒரு சின்ன முக்காலியில் தாள். போன் நேராகக் கீழே பார்க்கும்போது படம் எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே குழப்பம் வரும். ஆகவே போனை நிமிர்த்தி, அகலவாக்கில் பிடித்துப் பதிவைத் தொடங்கிவிட்டுப் பிறகு பலகையில் வையுங்கள். திரையில் தெரியும் எல்லையின் நான்கு மூலைக்கும் தரையில் டேப் ஒட்டிவிட்டால் கை வெளியே போகாது. போல்பொயின்ட் பேனை வேண்டாம், தடித்த மார்க்கர் எடுங்கள். ஒரு தாளில் ஐந்தாறு வரிக்கு மேல் எழுதாதீர்கள். எடுத்த பிறகு வீட்டிலுள்ள ஆகச் சிறிய போனில் போட்டுக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் பெரிதாக எழுதித் திரும்ப எடுங்கள். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

இனி ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஆவியுயிர்ப்பு, அதாவது செடி தன் இலை வழியாக நீரை ஆவியாக வெளிவிடுவது. கோபால்ட் குளோரைட்டுத் தாளை இலையின் இரண்டு பக்கமும் வைத்து எந்தப் பக்கம் முதலில் ஈரம் பட்டு நீலம் மாறி இளஞ்சிவப்பாகிறது என்று பார்க்கும் செய்முறை. நாற்பது பிள்ளை சுற்றி நின்றால் முன்னால் நிற்கும் ஐந்து பேருக்குத்தான் தெரியும். வீடியோவுக்கு என்றே பிறந்த செய்முறை இது. இலைக்கு எங்கும் போக வேண்டாம், தேயிலைச் செடியே போதும். கொழுந்தை விட்டுவிட்டு அதற்குக் கீழே உள்ள முற்றிய இலையை எடுத்துக்கொள்ளுங்கள், செடியிலிருந்து பிடுங்காமல். நீராவி வெளியேறும் நுண்ணிய துளைகளான இலைவாய்கள் தேயிலையில் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆகவே கீழ்த்தாள் முந்தும், மேல்தாள் பிந்தும். வித்தியாசம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

படம் எடுக்கும் முன் நான்கு காட்சியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, செடியும் சுற்றியுள்ள மலையும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து, ஐந்து விநாடி. பிள்ளைக்கு இடம் புரிய வேண்டும், தன் வீட்டுப் பின்னால் இருக்கும் செடிதான் என்று தெரிய வேண்டும். இரண்டு, சாவணத்தால் தாளை எடுத்து இலையின் இரு பக்கமும் வைத்து, இரண்டு கண்ணாடி வழுக்கிகளால் மூடிக் கட்டுவது, மிக அருகிலிருந்து. மூன்று, போனை அசையாமல் நிறுத்தி நிறம் மாறும்வரை காத்திருப்பது. நான்கு, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. காற்றிலுள்ள ஈரத்துக்கே இந்தத் தாள் சிவந்துவிடும். மூடுபனி நாளில் போத்தலைத் திறந்ததுமே மாறத் தொடங்கும். மதுசார விளக்குக்குச் சற்று மேலே காட்டி நன்றாக நீலமாகும்வரை உலர்த்தி, உடனே வழுக்கிக்குள் அடைத்துவிடுங்கள். விரலால் தொடாதீர்கள், விரலின் ஈரமும் மாற்றும், அதோடு அந்த உப்பு நஞ்சு. இந்த உலர்த்தலையும் படம் எடுத்து வீடியோவில் சேருங்கள். ஈரக்காற்றில் தாள் தானாகச் சிவப்பதைக் கண்ட பிள்ளை, ஏன் வழுக்கியால் மூடுகிறோம் என்று கேட்கவே தேவையில்லை.

மூன்றாவது காட்சியில் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது அன்றைய வெயிலைப் பொறுத்தது. அதை எடிட்டிங்கில் வேகமாக ஓட விடுவீர்கள். ஆனால் சட்டகத்தின் மூலையில் ஒரு கைக்கடிகாரத்தை வைத்துவிடுங்கள். முள் ஓடுவதைப் பார்த்தால் உண்மையில் எவ்வளவு நேரம் போனது என்று பிள்ளைக்குத் தெரியும். விஞ்ஞான வீடியோவில் நேரத்தைச் சுருக்குவது தப்பில்லை, சுருக்கியதை மறைக்கக் கூடாது. மணிக்கணக்காக நடக்கும் மாற்றங்களுக்கு டைம்லாப்ஸ் வைக்கலாம். பத்து விநாடிக்கு ஒரு படம் என்று வைத்தால் இரண்டு மணித்தியாலத்தில் 720 படம், விநாடிக்கு 25 படமாக ஓடினால் 29 விநாடிக்குச் சற்றுக் குறைவு. போஞ்சி விதை முளைப்பதற்கு இடைவெளியை அரை மணித்தியாலமாக்கி நாலைந்து நாள் விட வேண்டும். சார்ஜரைக் கழற்றாதீர்கள், இரவிலும் ஒரே விளக்கு எரியட்டும்.

எடிட்டிங்குக்கு வருவோம். காட்சியை முன்பே எழுதி எடுத்திருந்தால் எடிட்டிங் என்பது முன்னும் பின்னும் நறுக்கி வரிசையில் வைப்பதுதான். போனில் செய்வதற்கு விஎன் என்ற செயலி போதும், இலவசம், படத்தின் மேல் தன் பெயரைப் பொறிப்பதில்லை. கைன்மாஸ்டர் என்ற இன்னொரு செயலியின் இலவசப் பதிப்பு பொறிக்கும். பாடசாலைக் கணினியில் செய்வதானால் ஷாட்கட் என்ற இலவச மென்பொருள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் அருமையானது, ஆனால் நம் பாடசாலைக் கணினிகள் அதைத் தாங்காது. போனில் எடுத்ததைக் கணினிக்குக் கொண்டுபோனதும் குரலும் வாயும் போகப் போகப் பொருந்தாமல் வரலாம். போன்கள் சட்டக வேகத்தை இடையிடையே மாற்றிக்கொள்வதுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாறாத சட்டக வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள், சரியாகிவிடும்.

முதலில் குரலை வையுங்கள், பிறகு குரலுக்கேற்பப் படத்தை வெட்டுங்கள். இதைத் தலைகீழாகச் செய்தால் நேரம் இரட்டிப்பாகும். ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு நேராக வெட்டுங்கள். பக்கம் புரள்வது, நட்சத்திரம் சிதறுவது எல்லாம் பிள்ளையின் கண்ணை இலையிலிருந்து இழுத்துவிடும். பின்னணி இசையும் வேண்டாம், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது உங்கள் குரலைத்தான் விழுங்கும். கேள்வி கேட்ட பிறகு ஐந்து விநாடி எதுவும் பேசாமல் விடுங்கள். எடிட் செய்யும்போது அந்த இடைவெளி உங்களுக்கே நீளமாகத் தெரியும், வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். பிள்ளை யோசிப்பது அந்த ஐந்து விநாடியில்தான்.

திரையில் எழுத்துப் போடும்போது நீங்கள் சொல்லும் வசனத்தையே முழுதாக எழுதாதீர்கள். கேட்பதையே திரையிலும் வாசிக்க வைத்தால் பிள்ளையின் கவனம் இரண்டாகும் என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல பரிசோதனைகளில் காட்டியிருக்கிறார். "இலைவாய்" என்று ஒரு சொல், ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். இன்னொரு விசயம், பாடசாலை அலுவலகக் கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததைக் கொப்பி பண்ணிப் போட்டால் எடிட்டிங் செயலியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். யுனிகோட் விசைப்பலகையில் நேரடியாகத் தட்டுங்கள், அல்லது இணையத்திலுள்ள மாற்றியில் போட்டு எடுங்கள்.

எவ்வளவு நீளம்? பிலிப் குவோவும் கூட்டாளிகளும் 2014இல் எடெக்ஸ் இணையப் பாடங்களைப் பார்த்தவர்களின் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மக்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை (நடு மதிப்பு) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அது இணைய வசதியுள்ள வளர்ந்தவர்களின் கணக்கு. டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் நம் பிள்ளைகளுக்கு நான்கு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீடியோவில் ஒரு விசயம். ஆவியுயிர்ப்பை இலைவாய், காற்றின் வேகம், வெப்பநிலை என்று மூன்றாகப் பிரித்து எடுத்தால் ஒவ்வொன்றும் தனியே பயன்படும். அதே ஆய்வில், ஸ்லைடுகளைவிட எழுதிக்கொண்டே விளக்கும் வீடியோக்களை மக்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்றும் வந்தது. நீங்கள் கரும்பலகையில் நாளாந்தம் செய்வது அதுதான்.

கோப்பின் அளவுதான் பலர் கோட்டை விடும் இடம். 4கே என்ற மிக உயர்ந்த தெளிவில் எடுத்தால் நிமிடத்துக்கு 350 எம்பி அளவில் போய்விடும், அதை யாரும் இறக்கப் போவதில்லை. கணக்கு எளிது. விநாடிக்கு 1 மெகாபிட் என்று ஏற்றுமதி செய்தால் நான்கு நிமிடத்துக்கு 240 மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் எட்டால் பிரித்தால் 30 எம்பி. அசைவு குறைந்த தாளும் கையும்தான் காட்சி என்றால் 720பி என்ற நடுத்தரத் தெளிவில் இந்த அளவே தெளிவாக இருக்கும். எடுக்கும்போது 1080பியில் எடுங்கள், அனுப்பும்போது 720பியாக்குங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வீடியோவாக அனுப்பினால் அது தன் பாட்டில் மேலும் நசுக்கி எழுத்தைக் கலங்கடித்துவிடும். ஆவணம் என்ற வழியில் இணைத்தால் அப்படியே போகும். டேட்டாவே இல்லாத வீடுகளுக்கு மெமரி கார்ட்தான் வழி. பாடசாலைக்குப் போன் கொண்டுவரும் பெற்றோருக்குப் புளூடூத்திலோ பக்கத்துப் போன்களுக்கு நேரே அனுப்பும் செயலியிலோ கொடுத்துவிடலாம், ஒரு சதம் செலவில்லை.

பிள்ளைகளைப் படம் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. முகம் தெரிய எடுப்பதானால் அதிபரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாங்கினாலும் யூடியூப்பில் போடாதீர்கள். ஒரு பிள்ளை தப்பாகப் பதில் சொல்லும் காட்சி தோட்டம் முழுக்கச் சுற்றினால் அந்தப் பிள்ளை திரும்ப வாய் திறக்காது. கைகளை மட்டும் காட்டுங்கள். சாவணம் பிடித்திருக்கும் கை யாருடையது என்று வகுப்புக்குத் தெரியும், அந்தப் பெருமையே போதும்.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். முதலில் எடிட்டிங்கே இல்லாமல், ஒரே ஓட்டத்தில், ஒரு நிமிடத்துக்கு ஒரு விசயம் எடுத்துப் பழகுங்கள். கவராயத்தால் ஒரு கோணத்தை இருகூறிடுவது மாதிரி. அது கைவந்த பிறகு மூன்று காட்சி, தனிக்குரல். அதற்குப் பிறகுதான் எழுத்தும் அம்புக்குறியும். வலயக் கணினி வள நிலையத்தில் பயிற்சி நடந்தால் போய்ப் பாருங்கள். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் படித்த சக ஆசிரியர்கள் யாராவது இதில் ஆர்வமாக இருந்தால் சேர்ந்து செய்யுங்கள், ஒருவர் கை, ஒருவர் கமரா. ஹட்டன் டவுனில் கல்யாண வீடியோ செய்யும் ஸ்டுடியோப் பையன்களிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்தாலும் நிறையக் கிடைக்கும். சத்தத்தைப் பொருத்துவது, கோப்புகளுக்குப் பெயரிடுவது, எதையும் இரண்டு இடத்தில் சேமிப்பது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கல்யாண வீடியோவின் அலங்காரத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் இந்த வரிசையில் செலவழியுங்கள்: முதலில் சட்டையில் குத்தும் வயர் மைக், அடுத்தது மெமரி கார்டும் பென்ட்ரைவும், மூன்றாவது போனைப் பிடிக்கும் ஒரு கிளிப். கமராவைப் பற்றி அடுத்த வருடம் பேசலாம். இப்போதைக்கு உங்கள் அடுத்த அலகில் வகுப்பின் பின்வரிசைக்குத் தெரியாமல் போகும் ஒரு செய்முறையைத் தேர்ந்தெடுத்து, அதற்கு நான்கு காட்சியைத் தாளில் எழுதுங்கள். எழுதியதை அனுப்பினால் எடுக்கும் முன்பே பார்த்துச் சொல்கிறேன்.